பதிமூன்றாம் நாள் குடம்

தலையில் நிறைகுடம், கையில் காப்பு, காதில் வீட்டுப் பக்கமிருந்து ஓர் அலறல். இப்படி நடுத்தெருவில் நின்றுபோன ஒருத்தியின் கதை இது. கைவேலை இருந்தால் பார்த்துக்கொண்டே கேளுங்கள். காதை மட்டும் இங்கே வையுங்கள். கடைசியில் கேள்வி உண்டு.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பூச்சாட்டி, வாசலில் மூன்று கிளையுள்ள கம்பம் நட்டுவிட்டால், அவள் ஊர்ப் பெண்கள் பதினைந்து நாளும் விடியற்காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேண்டுதல் வைத்துக் காப்புக் கட்டியவள் குளித்த ஈரச் சேலையோடு வரவேண்டும். கிணற்றில் எடுத்த குடம் வழியில் தரையைத் தொடக்கூடாது. ஒரு நாள்கூட அவள் வீட்டுத் தண்ணீர் தப்பக்கூடாது. தப்பினால் காப்பை அவிழ்த்துவிட்டு, அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மயிலாத்தாள் காப்புக் கட்டியிருந்தாள். அவள் புருஷன் ராசப்பன் தை மாதத்தில் தென்னை மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டவன். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆயிற்று. விழுந்த பயம் மட்டும் அவனோடு கட்டிலிலேயே படுத்திருந்தது. எழுப்ப, உட்கார வைக்க, வெளியே கூட்டிப் போக, எல்லாவற்றுக்கும் மயிலாத்தாளின் தோள்தான். “ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு அவரே எடுத்து வெக்கோணும் தாயே” என்பதுதான் அவள் வேண்டுதல்.

அந்த வீட்டில் காரி என்று ஒரு கறுத்த மாடும் உண்டு. கொம்பு கூர்மை, குணம் அதைவிடக் கூர்மை. ராசப்பனும் மயிலாத்தாளும் தவிர வேறு யாரையும் கயிற்றைத் தொடவிடாது. மயிலாத்தாள் தினமும் கம்பத்துக்கு ஊற்றிவிட்டு வந்துதான் அதைக் கறப்பாள்.

பதிமூன்றாம் நாள் கிணற்றடியில் கூட்டம், நேரமாகிவிட்டது. கன்று கத்துவது பொறுக்காமல் மாமியார் நாச்சாத்தாள் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போனாள். காரி அவளைச் சுவரோடு தள்ளி, வழியை மறித்து நின்றுகொண்டது.

“மயிலூ! ஐயோ, கொல்லுதுடீ!”

நிறைகுடத்தோடு தெருவில் வந்துகொண்டிருந்த மயிலாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு முன்னால் குடத்தோடு போன தெய்வாத்தாளுக்கும் அது கேட்டது. அவளும் காப்புக் கட்டியவள். நிற்கவில்லை, நடந்தபடியே தொண்டை கிழியக் கத்தினாள். “ஏ ருக்கு! மாடு நாச்சாத்தாளை மறிச்சுப்போட்டுது, ஓடு!”

பக்கத்து வீட்டு ருக்மணி விளக்குமாறும் கையுமாக ஓடிவந்தாள். எதிரே மயிலாத்தாளைப் பார்த்ததும் நின்றாள்.

“அக்கா, அந்த மாட்டுக்கிட்ட நான் போனா அப்புறம் ரெண்டு பேரைத் தூக்கோணும். நீங்க போங்க.”

“குடத்தைக் கீழ வெக்கக்கூடாதே ருக்கு!”

“என் தலைல வெய்யுங்க.”

தலை மாற்றிய அவசரத்தில் கால் குடம் தண்ணீர் ருக்மணி மேலேயே கொட்டிற்று. உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்தவள், மீதித் தண்ணீரோடு கோயிலுக்கு நடந்தாள்.

மயிலாத்தாள் கொட்டகைக்கு ஓடினாள். காரி அங்கே இல்லை. வெளியே வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடி பலமில்லை என்பது, “வந்துட்டியா மகராசி, பொழுது எறங்கறதுக்குள்ள” என்று அவள் கேட்டதிலேயே தெரிந்தது. வாசற்படியில் ராசப்பன் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான், வேட்டியெல்லாம் சாணி. அவன் வாய் திறப்பதற்குள், “அம்மாளைப் பாத்துக்குங்க, இதா வந்தர்றேன்” என்று கோயிலுக்கு ஓடினாள். அவள் நெஞ்சு முழுக்க அந்தக் குடம்தான் இருந்தது.

கம்பத்தடியில் பூசாரி கையை விரித்தார்.

“கொண்டாந்து ஊத்தினவ குளிக்காதவ. வேண்டினவ வெறுங்கையோட வர்றே. காப்பை அவுத்துரு அம்மிணி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“எனக்குந்தான் கேட்டுதுங்க” என்றாள் தெய்வாத்தாள். “எனக்கென்ன, நெஞ்சு கல்லா? ஆத்தாளுக்குப் போற தண்ணி நிக்கக்கூடாதுன்னுதான் நடந்தேன்.”

ருக்மணி சேலையைப் பிழிந்துகொண்டே, “குடம் தரையில படலீங்க. குளிக்கலைன்னு யாரு சொன்னது? இதே தண்ணியிலதான் நானும் குளிச்சேன். பல்லுத்தான் விளக்கலை. ஆத்தா மூக்கைப் பொத்திக்கட்டும்” என்றாள்.

மயிலாத்தாள் காப்பு முடிச்சில் விரலை வைத்தபடி நின்றாள். இன்னும் ஒரு வருடம் இந்தத் தோள் தாங்குமா என்பதே அவள் நினைப்பு.

இப்போது சொல்லுங்கள். நிற்காமல் போனவள், குளிக்காமல் சுமந்தவள், குடத்தைக் கைமாற்றிவிட்டு ஓடியவள். இவர்களில் யார் செய்தது சரி? மயிலாத்தாள் காப்பை அவிழ்க்க வேண்டுமா, வேண்டாமா?

விடை: கோயிலில் நின்று வழக்காடினால் இது தீராது; கொட்டகைக்கு வாருங்கள். காரியை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டியது யார்? அது கயிற்றைத் தொடவிடுவது இரண்டே பேரை. ஒருத்தி தெருவில் நின்றாள். அப்படியானால் கட்டிலில் கிடந்தவன்தான் தாயின் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறான். ஒரு எட்டு அல்ல, கொட்டகை வரைக்கும், அங்கிருந்து மரம் வரைக்கும் நடந்திருக்கிறான். கேட்டது கைக்கு வந்த பிறகு, ஊற்றிய தண்ணீர் சேரவில்லை என்று எந்தப் பூசாரி சொல்வது? காப்பு அவிழ வேண்டாம். கத்தினவள், சுமந்தவள், ஓடினவள், மூவர் மேலும் தப்பில்லை. தப்பு என்று ஒன்று இருந்தால் அதை மயிலாத்தாளே கண்டுபிடித்தாள். பதினாலாம் நாள் காரியைக் கறந்து, கன்றை ஊட்டவிட்டு, அதற்கப்புறம்தான் குளித்துக் குடத்தை எடுத்தாள். கம்பத்துக்குத் தண்ணீர் கொஞ்சம் நேரங்கழித்துத்தான் போயிற்று. பூசாரி ஏன் என்று கேட்கவில்லை.