ஆடு ஏன் ஓடுச்சு

ஒரு ஊர்ல ஒரு கீரைக்காரி இருந்தா. பேரு வெள்ளச்சி. சந்தையில புளியமரத்தடியில கோணியை விரிச்சு, முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரைன்னு கட்டு கட்டா அடுக்கி வச்சு விப்பா. ம் கொட்டு தேனு, இல்லன்னா பெரியம்மா யாருக்குக் கதை சொல்றது, அந்தப் பல்லிக்கா?

"ம்."

அவளுக்கு ஒரே பொண்ணு, இருளாயி. அப்போ உன் வயசுதான் இருக்கும். அந்தச் சந்தையில கழுத்துல மணி கட்டின கறுப்பு ஆடு ஒண்ணு எப்பப் பாரு கீரையைத் தின்ன வந்து நிக்கும். வெள்ளச்சி கையை ஓங்கி, "ஹூய், ஹூய், போ அந்தாண்ட"ன்னு விரட்டுவா. அது கிணிகிணிகிணின்னு ஓடும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கும். மறுபடி வரும். வெட்கங்கெட்ட ஆடு.

அப்புறம் ஒரு நாள் ஒரு ஓவியர் வந்தாரு. எட்டு நாள் அங்கேயே உக்காந்து சந்தையை அப்படியே வரைஞ்சாரு. நடுவுல மாட்டு வண்டி, அந்தப் பக்கம் வளையல் கடை, இடது ஓரத்துல கீரைக் கட்டோட வெள்ளச்சி, ஓங்கின கை, ஓடற ஆடு. வரைஞ்சு முடிச்சுக் காட்டினப்போ வெள்ளச்சி, "என்னை விட என் கீரை அழகா இருக்கு சாமி"ன்னு சிரிச்சா. படம் எங்கேயோ பட்டணத்துக்குப் போயிருச்சு.

அடுத்த மழைக்கு வெள்ளச்சி காய்ச்சல்ல போயிட்டா. ஒரு போட்டோ கூடக் கிடையாது. கீரைக்காரியை யாரு போட்டோ எடுத்து வச்சா? இருளாயி வளர வளர அம்மா முகம் மங்கிக்கிட்டே போச்சு. மூக்குத்தி எந்தப் பக்கம்னு கூட ஞாபகம் இல்ல. பெத்தவ முகம் மறந்து போறது எவ்வளவு பெரிய கொடுமை.

"எந்தப் பக்கம் பெரியம்மா?"

பொறு, வருது.

வருஷம் ஓடிப் போச்சு. இருளாயி டாக்டர் வீட்டுல சமையல் வேலைக்குச் சேர்ந்தா. அப்போ பார்த்து அந்த ஓவியத்தை அச்சடிச்சு, சட்டம் போட்டு, அதே ஊர்லயே வித்தாங்க. ஜென்மத்துல சந்தைப் பக்கம் கால் வைக்காதவங்க எல்லாம் சந்தையை வாங்கி ஹால்ல மாட்டிக்கிட்டாங்க. டாக்டர் வீட்டுலயும் தங்கக் கலர் சட்டத்தோட ஒண்ணு வந்துச்சு. டொக் டொக்னு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டு, இருளாயி கரண்டியும் கையுமா ஓடி வந்தா. மாட்டு வண்டி இருக்கு. வளையல் கடை இருக்கு. ஆடு ஓடுது. இடது ஓரத்தைப் பார்த்தா, ஆட்டு வாலோட படம் முடிஞ்சிருச்சு. அம்மாவைக் காணோம்.

"அம்மா, இதுல ஒரு ஆள் குறையுதே"ன்னா.

டாக்டர் பொண்டாட்டி, "சோபா அளவுக்குச் சரியா இருக்கே. அந்த ஆட்டைப் பாரு, குஷியில துள்ளுது"ன்னாங்க. குஷியாம் குஷி. விரட்டு வாங்கின ஆடு அது.

இருளாயி கரண்டியை வச்சுட்டு, வேற படத்துலயாவது அம்மா இருக்காளான்னு பார்க்கக் கிளம்பினா. விறுவிறுன்னு லாட்ஜுக்குப் போனா. அங்கேயும் அதே படம், அதே வாலு, அம்மா இல்ல. மேனேஜரு, "அழகுக்குத்தானே மாட்டறது, ஓரத்துல யாரு இல்லாமப் போனா என்ன"ன்னான். கீரைக்காரி அழகில்லையா? அவ கீரையைத் தின்னு வளர்ந்த உடம்புதானே அவனோடது? வாயில நல்லா வருது எனக்கு. தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் கல்யாண மண்டபம். அங்கே பந்தி முடிஞ்சு வந்த ஒருத்தர் படத்தைப் பார்த்து, "ஆடு ஏன் இப்படி ஓடுது"ன்னாரு. இன்னொருத்தர், "புலி வந்திருக்கும்"ன்னாரு. எல்லாரும் ஹோன்னு சிரிச்சாங்க. இருளாயி சிரிக்கல. "இதுக்குச் சட்டம் போட்டது யாரு"ன்னு மட்டும் கேட்டா.

குருநாதன்னு ஒருத்தன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரேம் கடை. இருளாயி போய் நின்னு, "எங்கம்மாவை எங்கடா வெட்டிப் போட்ட"ன்னா.

அவன் பதறிட்டான். "வெட்டலைக்கா. மனுஷங்க இருக்கற படத்துல கத்தி வச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. என்கிட்ட சட்டம் ஒரே அளவு, படம் அதை விட ஒரு சாண் நீளம். அதான் மிச்சத்தைப் பின்னாடி மடிச்சுட்டேன்."

பெருமையா வேற சொல்றான். ஒரு படத்தை எடுத்துக் கவுத்தான். ஆணியை டிக் டிக்னு பிடுங்கினான், அட்டையை எடுத்தான், மடிப்பைச் சரக்குனு பிரிச்சான்.

வெள்ளச்சி உக்காந்திருக்கா. ஓங்கின கை, அதட்டற கண்ணு. மூக்குத்தி வலது பக்கம்.

இருளாயி அந்த மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் மேல பார்த்தா. குருநாதனோட அம்மா படம், பொட்டு வச்சு, மாலை போட்டு, சின்ன பல்பு எரிய மாட்டியிருந்துச்சு.

"இவங்களை மடிப்பியா?"

அவன் நிமிர்ந்து தன் அம்மா படத்தைப் பார்த்தான்.

"வெட்டினா பாவம், மடிச்சா புண்ணியமா? இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் எங்கம்மா சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கா. எத்தனை நாளாடா உக்காந்திருக்கா?"

குருநாதன் தலை குனிஞ்சான். அப்புறம் ரம்பத்தை எடுத்தான். கிர்ர் கிர்ர்னு பழசை விட ஒரு சாண் நீளமாப் புதுச் சட்டம் அறுத்து, அந்தப் படத்தை இருளாயி கையில குடுத்தான். மறுநாள்ல இருந்து சைக்கிள்ல வீடு வீடாப் போய், கழட்டி, பிரிச்சு, மறுபடி சட்டம் போட்டுக் குடுத்தான். டாக்டர் பொண்டாட்டி, "இப்போ சோபாவை விட நீளமாப் போச்சே"ன்னாங்க. இருளாயி, "அப்போ சோபாவை மாத்துங்கம்மா"ன்னுட்டு உள்ள போய்க் குழம்பைக் கிளறினா.

"மடிச்ச கோடு போச்சா பெரியம்மா?"

எங்க போகும்? அவ தோள் மேலேயே இருக்கு, இன்னிக்கும். இருளாயி தினம் காலையில எழுந்ததும் அந்தக் கோட்டைத் தடவிக் குடுப்பா. ஆனா ஆடு ஏன் ஓடுதுன்னு இப்போ ஊருக்கே தெரியும்.

அவ்வளவுதான், கதை ஆடு மாதிரி ஓடிப் போச்சு. நீ கண்ணை மூடு. அந்தப் பக்கம் எதுக்குத் திரும்புற? சுவத்தைப் பார்த்துப் படுக்காதடி, என்னைப் பார்த்துப் படு.