நெடும்பாறைக்கு ஒன்றரை மணி நேரம்

செம்மணற்பட்டி விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர வருகிறவர்களுக்கு உயரம், எடை, கண்பார்வை ஆகிய மூன்றையும் அளந்து பார்ப்பார்கள். அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குறையினால்தான் தெய்வசிகாமணி, ஏகாம்பரம், குருபாதம் என்னும் மூவராலும் ஒரே ஆண்டில் அங்கே மாணவர்களாகச் சேர முடிந்தது.

கருவிகளை மட்டும் பார்த்து வெளியூருக்கு விமானம் ஓட்டும் தேர்வில் தெய்வசிகாமணி இருமுறை தோற்றிருந்தான். மூன்றாம் முறையும் தோற்றால் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுகூடப் போகட்டும், அடுத்த வாரம் செம்மணற்பட்டியிலேயே அவனுக்குக் கல்யாணம். அழைப்பிதழில் அவன் பெயருக்குக் கீழே ‘விமானி’ என்று தங்க எழுத்தில் அச்சடித்து, நெடும்பாறையிலுள்ள மாமனார் ஊரெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்.

தேர்வும் அந்த நெடும்பாறைக்கே பறப்பதுதான். ஆனால் அன்று காலையிலிருந்து அடைமழை. ஓடுபாதையின் மறுமுனை மேகத்துக்குள் போய்விட்டது. பயிற்சியாளர் கேப்டன் மரியலூயிஸ் வானத்தைப் பார்த்தார். பிறகு கேன்டீனில் பஜ்ஜி வேகும் திசையைப் பார்த்தார். எதையும் முன்கூட்டியே முடித்துவைக்கும் பழக்கமுள்ளவராகையால், மாணவனுடன் பறந்து வந்ததாகக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு விமானத்தருகே வந்தார்.

“இதோ பாரு, நான் வர்ற வரைக்கும் எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே உக்காந்து பழகு. உயரம் ஆயிரத்து ஐந்நூறு அடி, திசை மேற்கு, ஒன்றரை மணி நேரம். முள்ளு அசையக் கூடாது. கருவியை மட்டும் நம்பு. வெளியே பாத்தே, அந்த நிமிஷமே ஃபெயில்!”

அவர் கேன்டீன் பக்கம் போனதும், கருவிகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல் மறைக்கும் பயிற்சித் தொப்பியைத் தெய்வசிகாமணி மாட்டிக்கொண்டான். துணைக்குப் பின்னிருக்கையில் ஏறிய இருவரும், மறதியில் வெளியே பார்த்துவிடக் கூடாதே என்று சன்னல்களில் செய்தித்தாளை ஒட்டினார்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை; ஆகவே யாரும் எடுக்கவில்லை.

“டேய், உயரம் பூஜ்ஜியம் காட்டுதே,” என்றான் தெய்வசிகாமணி.

“அப்ப ஏத்து,” என்றான் ஏகாம்பரம்.

உயரமானியின் அடியில், காற்றழுத்தத்துக்கேற்ப முள்ளைச் சரிசெய்ய ஒரு திருகு உண்டு. தெய்வசிகாமணி அதைத் திருகினான். முள் ஏறி ஆயிரத்து ஐந்நூறில் நின்றது. குருபாதம் காதைப் பொத்திக்கொண்டான்.

“மெதுவா ஏத்தக் கூடாதா? காது அடைக்குதுடா!”

திசைகாட்டிக்கும் அவ்வாறே ஒரு திருகு இருந்தது. அதைத் திருகியதும் விமானம் மேற்கே திரும்பியது. திரும்பிய வேகத்தில் ஏகாம்பரத்துக்குக் குமட்டிவிட்டது.

வேகமானிக்குத்தான் திருகு இல்லை.

“வேகம் பூஜ்ஜியத்துலயே நிக்குதே?”

மூவரும் நெடுநேரம் ஆலோசித்தார்கள். முடிவில் குருபாதம் சொன்னான்: “எதிர்க்காத்து. நாம எவ்வளவு வேகமாப் போறோமோ அவ்வளவு வேகமா அது வருது. கழிச்சுப் பாரு.”

கழித்துப் பார்த்தார்கள். பூஜ்ஜியமே வந்தது.

“அப்ப நாம நகரவே இல்லையா?”

“அது வெளியே பாத்தாத்தான் தெரியும். பாத்தா நீ ஃபெயில். ஃபெயிலானா கல்யாணம் இல்லை. பேசாம ஓட்டு.”

எண்பதாவது நிமிடத்தில் கதவை யாரோ தட்டினார்கள்.

“கதவைத் தொறங்கடா, தடிப் பசங்களா!”

“கேப்டன் குரல் மாதிரி இருக்கே,” என்று தெய்வசிகாமணி தயங்கினான்.

“அவர் குரலை நம்பச் சொன்னாரா, கருவியை நம்பச் சொன்னாரா?” என்றான் ஏகாம்பரம்.

“கருவியைத்தான்.”

“அப்ப கருவியில கேப்டன் இருக்காரா, பாரு.”

தெய்வசிகாமணி ஆறு கருவிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதிலும் கேப்டன் இல்லை. தட்டல் மேலும் பத்து நிமிடம் தொடர்ந்தது.

ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை மெல்ல மெல்லப் பின்னால் திருகினான். முள் பூஜ்ஜியத்தைத் தொட்டது.

“தரை தொட்டதே தெரியலையேடா! கை இல்லடா இது, பஞ்சு!” என்று ஏகாம்பரம் கண் கலங்கினான்.

எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்தால், தொப்பலாக நனைந்து நின்றார் கேப்டன்.

“சார்! நீங்களும் நெடும்பாறைக்கு வந்துட்டீங்களா? எதுல வந்தீங்க?”

கோபத்தில் கேப்டனுக்கு வேறு சொல் வரவில்லை. “நடந்து வந்தேன்டா!” என்று அலறினார்.

மூவரும் மலைத்துப்போனார்கள்.

அதற்குள் குடையும் குறிப்பேடுமாகப் பள்ளி முதல்வர் வந்து சேர்ந்தார். “என்ன கேப்டன், இந்த மழையிலயா பறந்தீங்க? கையெழுத்து இருக்கே!”

கேப்டன் கையெழுத்தைப் பார்த்தார், மாணவனைப் பார்த்தார். “பறந்தோம் சார். என் சர்வீஸ்லயே இவ்வளவு குலுங்காம யாரும் இறக்கினதில்லை.”

“போன மாசம் ரெண்டு சக்கரம் போச்சு. இவன் முழுசாக் கொண்டு வந்திருக்கான். பாஸ்!” என்றார் முதல்வர்.

கேப்டன் நடந்து வந்த வழியாகவே ஊர் திரும்புவது என்று மூவரும் தீர்மானித்தார்கள். நடந்தார்கள். மூன்றே நிமிடத்தில் ‘செம்மணற்பட்டி’ என்ற பலகை எதிர்ப்பட்டது. தெய்வசிகாமணி அங்கிருந்தே மாமனாருக்குத் தொலைபேசியில் பேசினான்.

“மாமா, பாஸாயிட்டேன்! உங்க ஊர் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போனதுக்கு மன்னிக்கணும்.”

“அதனாலென்ன மாப்பிள்ளை! கல்யாணத்துக்கு நாங்க வர பஸ் பேசியாச்சு.”

“பஸ்ஸெல்லாம் வேண்டாம் மாமா. விமானத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஆகுது. நடந்து வாங்க, மூணு நிமிஷம்தான்.”

மாப்பிள்ளையோ விமானி, தூரத்தைப் பற்றி அவர் அறியாததா? மாமனார் பேருந்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். முகூர்த்தம் காலை ஏழு மணிக்கு. பெண்ணும் பட்டுப்புடவைகளும் சீர்த் தட்டுகளுமாக நெடும்பாறையிலிருந்து நூற்றைம்பது பேர், ஆறு மணி ஐம்பத்தாறு நிமிடத்துக்குத் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். வயதானவர்களும் கூட வருகிறார்களே என்று ஒரு நிமிடம் முன்னதாகவே புறப்பட்டதாகக் கேள்வி.