பழுத்த கடல்

எரிமலைத் தீவு ஒன்றின் நடுக்காட்டில் வாலப்பன் என்றொரு குரங்கு இருந்தது. அத்தியும் ஆலும் எப்போது பழுக்கும் என்று அது தூரத்திலிருந்தே நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். சொன்னது தப்பியதே இல்லை. அதனால் தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது என்ற நினைப்பும் அதற்கு நிறைய இருந்தது.

ஒரு நாள் அதன் மனைவி செம்பி கேட்டது: "என்னங்க, கடல் கடல்னு எல்லாரும் சொல்றாங்களே! நம்ம பிள்ளைக்கும் ஒரு தடவை காட்டக் கூடாதா?"

"அதுக்கென்ன, போவோம்!" என்றது வாலப்பன்.

குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு செம்பி கிளம்பியது. காடு முடிந்த இடத்தில் தென்னைகள். அதைத் தாண்டி மணல். மணலுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பாறைகள். நடுவில் ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தது. அதில் பச்சைத் துணி பறந்தது. நாரைகளும் ஆமைகளும் தண்ணீரில் ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தன.

செம்பி ஓடப் பார்த்தது. வாலப்பன் வாலைப் பிடித்து இழுத்தது.

"நில்லு! பச்சை தெரியலையா? கடல் இன்னும் பழுக்கல!"

"அவங்க எல்லாம் குளிக்கிறாங்களே?"

"அவசரக் குடுக்கைங்க! காயைத் தின்னுட்டு அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க."

பாறைமேல் அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடாப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தக் கரைக்கு அதுதான் காவல்.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றது செம்பி.

"நிறத்தைப் பத்தி நான் போய் ஒரு பறவைகிட்ட கேக்கணுமா? நல்லா இருக்கு கதை!"

அன்று தென்னை மரத்திலேயே தங்கிவிட்டார்கள். காலையில் பார்த்தால், கம்பில் சிவப்புத் துணி!

"பழுத்துடுச்சு! செம்பி, பழுத்துடுச்சு!" வாலப்பன் குதித்தது. "பாரு, ஒரு ஈ காக்கா இல்ல. முழுக் கடலும் நமக்குத்தான்!"

மூன்றும் மணலில் ஓடின. தூரத்துப் பாறையில் கூழைக்கடா இறக்கையைப் படபடவென்று அடித்துக் கத்தியது. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"எப்படி வரவேற்குது பாரு! நல்ல மனசு!" என்று வாலப்பன் பதிலுக்குக் கையசைத்தது. இந்த அறிவாளியை என்னவென்று சொல்வது!

தண்ணீர் அந்த நேரம் சாதுவாகத்தான் இருந்தது. பெரிய அலைகள் வருகிற நாளில் கடல் நடுநடுவே அப்படிச் சும்மா இருக்கும். செம்பி முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குட்டியின் காதைத் தேய்த்துக் கழுவியது.

பின்னால் ஒரு அலை எழுந்தது. தென்னை உயரம்!

கரை மணலில் நின்ற வாலப்பன் அதைப் பார்த்தது. கத்த வாயைத் திறந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அலை விழுந்து செம்பியைப் புரட்டியது. காலடி மணலையும் சேர்த்து உள்ளே இழுத்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் செம்பி எங்கோ தொலைவில் இருந்தது. ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது. அந்தக் கையில் குட்டி!

கூழைக்கடா பாய்ந்து வந்தது. "கரையைப் பார்த்து நேரா நீந்தாதே! இழுப்போட மல்லுக்கட்டாதே! மிதந்துக்கிட்டே பக்கவாட்டுல போ!" என்று செம்பியின் தலைக்கு மேலேயே கத்தியது. அடுத்த நொடி, குட்டியைக் கவ்வி அலகுப் பைக்குள் போட்டு மூடிக்கொண்டது.

"ஐயோ! என் பிள்ளையை முழுங்கிட்டாளே, பாவி!"

வாலப்பன் கல்லை எடுத்து விட்டெறிந்தது. கல் இறக்கையில் பட்டது. பறவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலியில்கூட அது வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குட்டி கடலில் விழுந்துவிடும்.

இரண்டாவது கல்லை வாலப்பன் ஓங்கியபோது, கூழைக்கடா மணலில் வந்து விழுந்தது. அலகைத் திறந்தது. மீன் நாற்றத்தோடு குட்டி உருண்டு வெளியே வந்து வீறிட்டு அழுதது.

வாலப்பன் ஓங்கிய கல்லைக் கீழே போட்டது. பறவையின் இறக்கையில் ரத்தம் வழிந்தது. சற்று நேரத்தில் பாறைக்கு அந்தப் பக்கம், பறவை சொன்னபடியே செம்பியும் கரையேறித் தள்ளாடி வந்தது.

"சிவப்பு கட்டியிருக்கேன், உள்ளே இறங்குறீங்களே!" என்று இரைந்தது கூழைக்கடா. "சிவப்புன்னா ஆபத்துன்னு தெரியாதவங்களும் உண்டா?"

வாலப்பன் திகைத்துப்போனது. "சிவப்புன்னா பழுத்ததுன்னு தெரியாதவங்களும் உண்டா?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்து விழித்தன.

செம்பி குட்டியை வாரி எடுத்தது. அதற்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"உங்க ரெண்டு பேருக்கும் எல்லாமே தெரியும். ஒண்ணும் தெரியாத என் பிள்ளைதான் சாகப் பார்த்தது!"

புதிய இடத்தில் காணும் அடையாளத்துக்கு அங்கே இருப்பவரிடம் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நம் ஊரில் அதற்கு உள்ள பொருளையே வைத்துக்கொண்டு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.