எலியாஸ் டட்டில் ஒடித்த கதிர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் கொஞ்சம் குமட்டும். அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரை ஊர். அதை உண்டாக்கியது ஒரு நிலக் கம்பெனி. அந்தக் காலத்தில் கம்பெனி வைத்த விதி இது: எவன் அந்த மண்ணில் மக்காச்சோளம் விளைவித்தானோ, நிலம் அவனுக்கே. இப்போது ஊர் நடுவே ஒரு கல்லை நட்டு, 'முதலில் பயிரிட்டவர்' என்று ஒரே ஒரு பெயரை வெட்டப் போகிறார்கள். யாருடைய மூதாதை அவர்? ஹோரஸ் டட்டிலுக்கும் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை லவீனியாவுக்கும் போட்டி.

லவீனியா பழைய பதிவுகளைக் கிளறித் தன் தாய்வழி மூதாதையைப் பிடித்தாள். அவர் நாலைந்து மரங்களில் கோடாலியால் தன் பெயரைக் கொத்திவிட்டு, "இது என் இடம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவ்வளவுதான் அவருடைய வேளாண்மை. அவளுக்கே சீ என்று போய்விட்டது. அடுத்து ஹோரஸின் மூதாதை எலியாஸ் கம்பெனிக்குக் கொடுத்த வாக்குமூலம் கையில் சிக்கியது. அதைப் படித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

திரும்பி வந்து ஹோரஸிடம் தேனொழுகப் பேசினாள். "நான் விலகிக்கிறேன் அண்ணா. ஒரே ஒரு ஆசை. எலியாஸ் தாத்தா சொன்னதை ஊர்க் கூட்டத்துல உங்க வாயால கேட்கணும்."

"அதுக்கென்ன, ஏற்ற இறக்கத்தோடயே வாசிச்சுடறேன்."

கூட்டத்தில் ஹோரஸ் தொண்டையைக் கனைத்து, இல்லாத கட்டைக் குரலை வரவழைத்துக்கொண்டார்: "இலைகள் சிவந்து உதிரும் காலத்தில் இங்கே வந்தேன். அதற்கு முன் இந்த ஆற்றை நான் கண்டதில்லை. குடிசைகள் எரிந்து கிடந்தன. சாம்பலில் சூடு ஆறவில்லை. அந்த வாரமே முற்றிய கதிர்களை ஒடித்துக் களஞ்சியத்தை நிரப்பினேன். இதுவே என் உரிமைக்குச் சாட்சி."

கைதட்டல்.

"பின்வரிசைக்குக் கேட்கலையாம். இன்னொரு தடவை அண்ணா," என்றாள் லவீனியா. வாசித்தார். "'அந்த வாரமே'ங்கறதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னா இன்னும் எடுப்பா இருக்கும்." மறுபடியும் வாசித்தார்.

"அந்த வாரமே முற்றிய..."

அங்கேயே நின்றுவிட்டார். காகிதத்தைப் பார்த்தார். லவீனியாவைப் பார்த்தார். அவள் அப்போதுதான் சிரித்தாள்.

நீங்களே சொல்லுங்கள்: அந்தக் கல்லில் யார் பெயரை வெட்டுவது சரி?

விடை: இரண்டு பேருமே இல்லை. ஒருவர் மரத்தைக் காயப்படுத்தியதோடு சரி. மற்றவர் வந்த வாரத்திலேயே சோளம் முற்றாது. குடிசைகளை எரித்துத் துரத்தப்பட்ட பூர்வகுடிகள் விதைத்ததை அவர் ஒடித்துத் தின்றார், தின்றதையே சாட்சியாகக் காட்டி நிலத்தையும் விழுங்கினார். விதைத்தவர்களுடைய பெயரைக் கம்பெனி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வெட்டப் பெயரில்லாமல் கொத்தன் உளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.