பதினாறில் நடுங்கிய சபை

வெயிலுக்கே வியர்க்கும் ஊர் கரடிக்கோட்டை. அதை ஆண்டவர் ராஜா கடம்பராயர். அவருடைய சபையில் ஒரு ஏசி இருந்தது. எந்தக் காலத்து ராஜாவுக்கு ஏசி என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். இருந்தது, அவ்வளவுதான். மின்சாரத்துக்கு அரண்மனைக்குப் பின்னால் எட்டுக் காளைகள் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவை நடந்தால் ஏசி ஓடும்.

ராஜா ரிமோட்டில் பதினாறு வைப்பார். அதற்குக் கீழே எண் இல்லையே என்று அவருக்கு வருத்தம் வேறு. இரவும் பகலும் அது ஓட வேண்டும். சபையின் நான்கு கதவுகளும் திறந்தே கிடக்க வேண்டும். ராஜா குளிரில் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்க்க வேண்டாமா?

ஒரே மாதத்தில் காளைகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. ஒரு நாள் நடுப்பகலில் ஒன்று சக்கரத்தடியிலேயே படுத்துவிட்டது. ஏசி நின்றது. ராஜாவுக்கு வியர்த்தது. உடனே விசாரணை.

ஏசியை வாங்கி வந்தவர் அமைச்சர் அகோரமூர்த்தி. பழி தன் மேல் விழுமுன் அவர் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, இது ஐந்து நட்சத்திர இயந்திரம். ஆண்டுக்கு எண்ணூறு யூனிட்தான் குடிக்கும் என்று அதன் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறது. இதை ஓட்டக் காளைகள் இளைக்குமா? மாட்டுக்காரன் சடையன் புண்ணாக்கைத் திருடுகிறான்!"

சடையன் ஓடிவந்து காலில் விழுந்தான். "சாமி, ஒரு புடி புண்ணாக்கு எடுத்திருந்தா என் கை வெளங்காமப் போகட்டும்! மாடு எனக்குப் புள்ளைங்க மாதிரி சாமி!"

"ஐம்பது கசையடி. பிறகு நாடு கடத்துங்கள்" என்றார் ராஜா.

அப்போது சிற்றம்பலம் எழுந்தார். சபையில் ராஜாவிடம் வாய் கொடுக்கத் துணிந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, ஏசியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"அமைச்சர் பெரிய எழுத்தை மட்டும் படித்திருக்கிறார், மகாராஜா. எண்ணூறு யூனிட் என்பது ஆயிரத்து அறுநூறு மணி நேரத்துக்கு. நீங்கள் ஓட்டுகிற வேகத்தில் அது அறுபத்தேழு நாளில் தீர்ந்துவிடும். அதுவும் மூடிய அறையில் சோதித்துப் பார்த்துப் போட்ட கணக்கு. நாமோ கதவைத் திறந்து வைத்துத் தெருவுக்கும் சேர்த்துக் குளிரூட்டுகிறோம்."

"அப்படியென்றால் ஐந்து நட்சத்திரம் எதற்கு?"

"இதே வேலையை மற்ற ஏசிகளைவிடக் குறைந்த மின்சாரத்தில் செய்யும் என்பதற்கு. ஆனால் நாம் கொடுப்பது அதே வேலையா? பல மடங்கு கொடுத்தால் பாவம், அது என்ன செய்யும்?"

அகோரமூர்த்தி விடுவாரா? "நட்சத்திரம் போதவில்லை என்றால் இன்னும் நான்கு ஒட்டிவிடலாம், மகாராஜா. தங்கத்திலேயே!" என்றார். ராஜாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தட்டார் வந்தார். ஒன்பது நட்சத்திர ஏசி ஆயிற்று. புது நட்சத்திரங்கள் குளிரின் அளவு மின்னும் இடத்தையே மறைத்துவிட்டன. சடையன் விட்ட பெருமூச்சு மட்டும் குறையவில்லை.

ராஜா சிற்றம்பலத்தைப் பார்த்தார். "உமக்கு மூன்று நாள் தருகிறேன். அதுவரை சடையனின் தண்டனை நிற்கட்டும். காளைகள் தேற வேண்டும். என் குளிர் ஒரு இம்மியும் குறையக் கூடாது. குறைந்ததாக எனக்குத் தோன்றினால் சடையனோடு நீரும் மூட்டை கட்டலாம்."

"உத்தரவு. மூன்று வேண்டுகோள் மட்டும். ரிமோட் என்னிடம் இருக்கட்டும். கதவுகளைச் சாத்திவிட்டு, ஊர் பார்க்கக் கண்ணாடி ஜன்னல் வைக்கலாம். சபையில் எல்லோரும் கம்பளி போர்த்தி உட்காரட்டும். ராஜசபையே விறைத்துப் போயிருப்பதை ஜனங்கள் பார்த்தால் உங்கள் புகழ் எங்கே போய் நிற்கும்!"

புகழ் என்றதும் ராஜா தலையாட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் சபை கூடியது. கதவுகள் சாத்தியிருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஊரே மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. எல்லோரும் கம்பளிக்குள் இருந்தார்கள். ராஜா ஏசிக்கு நேர் கீழே அமர்ந்து, "குளிர் எப்படி?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், அகோரமூர்த்தியின் பற்கள் தந்தியடித்தன. "எ... எலும்புக்குள் இறங்குகிறது மகாராஜா! பதினாறு என்றால் பதினாறு!"

அமைச்சரே நடுங்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? சேனாபதி இருமினார். புரோகிதர் கைகளைத் தேய்த்தார். அரண்மனை வைத்தியர் தமக்கே சுக்குக் கஷாயம் சொல்லியனுப்பினார். நாற்பது பேர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ராஜாவுக்கும் முதுகில் ஏதோ சில்லென்றது. ஒரு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"காளைகள்?"

"அசை போட்டுக்கிட்டே நடக்குது சாமி. நாலு மாட்டை அவுத்தே விட்டுட்டேன்" என்றான் வாசலில் நின்ற சடையன்.

"பலே! சிற்றம்பலம், உண்மையைச் சொன்னால் பதினாறு கொஞ்சம் அதிகம்தான். இருபதுக்கு ஏற்றிவிடும்."

சிற்றம்பலம் தயங்கினார். "ஏற்ற முடியாது, மகாராஜா. இருபது வேண்டுமென்றால் ஆறு இறக்க வேண்டும்."

"என்னது?"

"மூன்று நாளாக ஓடுவது இருபத்தாறில்."

அவர் தங்க நட்சத்திரம் ஒன்றைப் பெயர்த்தெடுத்தார். உள்ளே இருபத்தாறு பளிச்சென்று மின்னியது. ராஜா தம் சால்வையைப் பார்த்தார், கம்பளிக்குள் அகோரமூர்த்தியின் மூக்கு நுனியில் தொங்கிய வியர்வைத் துளியைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சடையன் மேல் குற்றமில்லை. அந்த ஒன்பது நட்சத்திரத்தில் தங்கம் நான்கும் அவனுக்கே. இனி இருபத்தாறும் மூடிய கதவும்தான் என் ஆணை. சிற்றம்பலம், உமக்கு என் சால்வை. எனக்கு இப்போது அது தேவையில்லை."

அகோரமூர்த்தி மட்டும் இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தார்.

"அமைச்சரே, அதுதான் இருபத்தாறு என்று தெரிந்துவிட்டதே. இன்னும் ஏன் நடுங்குகிறீர்?"

"மகாராஜா," என்றார் அகோரமூர்த்தி, "இப்போதுதான் நிஜமாக நடுங்குகிறேன்."