சேற்றுக்கால் உத்தரவு

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில், குழந்தைகளே, சடையன் என்றொரு கரடி தலைவராக இருந்தது. சுறுசுறுப்பான கரடிதான். ஆனால் காட்டில் தனக்கு மட்டுமே மூளை இருப்பதாக அதற்கு ஓர் எண்ணம்.

அக்கரையிலிருந்து யார் வந்தாலும் விலங்குகளின் சபை விசாரிக்கும். இருக்கத் தக்கவர்களை இருக்கச் சொல்லும். மற்றவர்களைத் திருப்பி அனுப்பும். எல்லாரும் சேர்த்து வைத்த கிழங்குகள் ஒரு குகையில் இருந்தன. சபை சொன்னால்தான் அதைத் திறக்கலாம். அந்த ஆண்டு குளம் வெட்டுபவர்களுக்குக் கூலியாகச் சபை அவற்றை ஒதுக்கியிருந்தது.

அக்கரையில் மழை பொய்த்ததால் பல விலங்குகள் ஆற்றைக் கடந்து வந்தன. சபை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தது. சடையனுக்குப் பொறுக்கவில்லை.

"இவர்கள் ஓர் எறும்பை விசாரித்து முடிப்பதற்குள் அந்த எறும்பு பேரன் பேத்தி எடுத்துவிடும். இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றது.

யாரையும் கேட்காமல் குகையைத் திறந்தது. கிழங்குகளைக் காட்டுப்பன்றிகளுக்கு அள்ளிக் கொடுத்து, அவற்றை ஆற்றுத் துறையில் காவலுக்கு நிறுத்தியது. அக்கரை மண் செம்மண், ஆற்றில் நனைந்தாலும் காலை விட்டுப் போகாது. காலில் செஞ்சேறு ஒட்டியிருந்தால் பிடித்து அக்கரையில் தள்ளிவிட வேண்டும். பேச விட்டால் கதை சொல்வார்கள், ஆகவே பேச விடக்கூடாது. இதுதான் உத்தரவு. சொன்னதை அப்படியே செய்வதில் பன்றிகளை மிஞ்ச ஆளில்லை.

முதலில் சிக்கியது ஒரு மான். இக்கரையில் பிறந்த மான் அது. உப்பு மண்ணை நக்க அக்கரைக்குப் போய்த் திரும்பியிருந்தது. அதைத் தள்ளிவிட்டதும், அதன் குட்டி இக்கரையில் புதரருகில் நின்று ஓயாமல் கத்தியது.

சபைக்குத் தலைமை தாங்கிய உடும்பு, பிடித்த பிடியை விடாத குணமுடையது. அது வந்து, மானைச் சபை விசாரிக்க வேண்டும், குகையைத் திறந்ததற்குத் தலைவரும் பதில் சொல்ல வேண்டும் என்றது.

"நான் தலைவன். தலைவனை யார் கேள்வி கேட்பது?" என்றது சடையன்.

அந்தப் பதில் அதற்கே மிகவும் பிடித்துப்போயிற்று. உடும்பு போன பிறகும் அதைத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் அக்கரையிலிருந்து தேன் வாசனை வந்தது. சடையன் நீந்திப் போய்க் கூட்டில் கையை விட்டது. தேனீக்கள் முகமெல்லாம் கொட்டின. கண் மூடி, மூக்கு பூசணிக்காயாக வீங்கி, கால் நிறையச் செஞ்சேற்றோடு அது துறைக்குத் திரும்பியபோது பன்றிகள் சூழ்ந்துகொண்டன.

"என் முகத்தைப் பாருங்கள். நான்தான் உங்கள் தலைவன்" என்றது சடையன்.

"காலைப் பார் என்றுதான் உத்தரவு. முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை" என்றது மூத்த பன்றி. அத்தோடு, பேச விடக்கூடாது என்பதும் அதற்கு நினைவு வந்துவிட்டது.

அக்கரை மணலில் மானின் அருகில் போய் விழுந்தது சடையன். ஆற்றின் மறுபக்கத்தில் குட்டி கத்துவது இங்கே நன்றாகக் கேட்டது. மான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கரடியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று சடையனுக்குத் தோன்றியது.

தலைவரைக் காணோம் என்று அக்கரைக்கே தேடி வந்த உடும்பு, குரலை வைத்து அதை அடையாளம் கண்டது. உடனே அங்கேயே சபையைக் கூட்டியது. சடையன் முண்டியடித்து முன்னால் வந்தது. மானைத்தான் முதலில் கேட்கப் போவதாக உடும்பு சொல்லிவிட்டது. மான் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். போகலாம் என்று சபை சொன்னதும் மான் ஆற்றைக் கடந்து குட்டியிடம் ஓடியது.

பிறகு சடையனின் முறை வந்தது.

"சபை மெதுவாகப் போகிறது என்று சொன்னவன் நான். இன்று அது இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போய், நான் சொல்வதை முழுக்கக் கேட்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். என்னைப் போன்ற புத்திசாலியை நான் பார்த்ததே இல்லை" என்றது. சொல்லிவிட்டுத் தானே சிரித்தது. வீங்கிய மூக்கு வலிக்கவே நிறுத்திக்கொண்டது.

குகையில் கிழங்கு இல்லை. குளம் வெட்டக் கூலியும் இல்லை. ஆகவே சடையனும் பன்றிகளுமே வெட்ட வேண்டும் என்று சபை முடிவு செய்தது. துரத்தப்பட்ட மற்றவர்களையும் அழைத்து விசாரித்தது. சிலர் தங்கினார்கள், சிலர் திரும்பிப் போனார்கள்.

வெயிலில் மண் தோண்டிக்கொண்டிருந்த கரடியைப் பார்த்து, புதிதாக வந்த முயல் ஒன்று, "நீங்கள் யார்?" என்று கேட்டது.

"இந்தக் காட்டின் தலைவன்" என்றது சடையன்.

முயல் சந்தேகமாகப் பார்த்தது.

"நம்ப வேண்டாம். எதற்கும் சபையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்" என்றது சடையன்.

நீதி: தன்னைக் கேள்வி கேட்க யாரும் இருக்கக் கூடாது என்பவனுக்கு, தன் பேச்சைக் கேட்கவும் யாரும் இருக்க மாட்டார்கள்.