நரி கொண்டுவந்த கூழ்

மலையடிவாரத்தில் ஒரு காட்டில் காகிதக் குளவிகள் கூட்டமாக வாழ்ந்தன. பட்டுப்போன மரத்தைச் சுரண்டி, மென்று, காகிதமாக்கிக் கூடு கட்டுவது அவற்றின் வழக்கம். பட்ட மரங்கள் குறைந்துபோன ஒரு வருஷம், பழைய கூடுகளையே மறுபடி கூழாக்க நினைத்தன. ஆனால் காய்ந்து இறுகிய கூட்டை ஊறவைத்து மிதிக்கக் குளவிகளுக்கு ஏது கால்பலம்?

"அந்த வேலையை என்னிடம் விடுங்கள்" என்றது நரி. "கூலியாக, நீங்கள் குடியிருக்கும் இந்த அத்தி மரத்தடியில் உதிரும் பழம் போதும்."

பழைய கூடுகளைச் சுமந்துபோன நரி, அன்றன்றே கூழோடு திரும்பியது. மழைக்கு முன் கூடு கட்டலாம் என்று குளவிகள் அதைச் சேர்த்துவைத்தன. யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஒரு மரத்தைக்கூட நான் தொடவில்லை!" என்று நரி காடெல்லாம் பெருமை பேசியது. பழம் தின்று கொழுத்தது.

ஒருநாள் நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"குளவியக்கா, உங்கள் பழைய கூடெல்லாம் என் மடுவில் அழுகிக் கிடக்கிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன. என் குட்டிகள் இரண்டு நாளாகப் பட்டினி!"

"பொய்!" என்று அத்தி மரத்தடியிலிருந்து சீறியது நரி. "அப்படியானால் இந்தக் கூழ் எங்கிருந்து வந்ததாம்?"

குளவித் தலைவி கூழில் ஒரு வாய் எடுத்து மென்றது. பிசுபிசுவென்று வாய் ஒட்டிக்கொண்டது.

"நரியே, பழைய கூட்டில் பால் வடியுமா?"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டது.

"கேட்கிறேன், சொல்! எதன் பட்டையை உரித்தாய்?"

"ஆற்றங்கரை அத்திக் கன்றுகள்தான்… கூட்டை ஊறவைத்து மிதிக்க மூன்று நாள் ஆகிறது. கன்றை உரிக்க ஒரு பொழுது போதும். மரம்தானே, மறுபடி வளராதா?"

"பட்டையை உரித்தபின் எதுவடா வளரும்?" தலைவியின் இறக்கைகள் கோபத்தில் அதிர்ந்தன. "அழிக்கிறேன் என்று சொல்லி அழித்திருந்தால் அன்றே தடுத்திருப்போம். காப்பாற்றுகிறேன் என்றல்லவா அழித்தாய்! அதுவும் எங்கள் பேரைச் சொல்லி!"

மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. மூக்கு வீங்கி, கண் தெரியாமல் ஓடிய நரி மடுவில் போய் விழுந்தது.

"வெளியே வராதே!" என்று கத்தியது நீர்நாய். "நீ கொட்டியதையெல்லாம் நீயே அள்ளிக் கரையில் போடு."

ஏழு நாள் நரி அந்த நாற்றத்தில் நின்று அள்ளியது. ஏழு நாளும் குளவிகள் அதன் தலைக்கு மேலேயே சுற்றின. மடு தெளிந்தது, மீன்கள் வந்தன.

உரிக்கப்பட்ட நாற்பது அத்திக் கன்றுகள் மட்டும் நின்றபடியே காய்ந்தன. அடுத்த மழைக்கும் அவை துளிர்க்கவில்லை.

நீதி: காப்பதாகச் சொல்லி அழிப்பவனே எல்லாரிலும் கொடியவன், அவன் பேச்சை நம்பாதே, செய்ததைச் சோதித்துப் பார்.